கழற்றிய ஏசியின் கேஸ் எங்கே போனது?

கேள்வி (மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர்): 2011-ல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி, ஆர்-22 கேஸ். இந்தக் கோடையில் குளிர்ச்சி போதவில்லை. கேஸ் குறைந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். ஆர்-32 போட்ட புது ஏசி சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார் கடைக்காரர். பக்கத்து வீட்டில் ஆர்-290 வாங்கியிருக்கிறார்கள். அது சமையல் கேஸ் என்று என் மாமியார் பயப்படுகிறார். இந்தப் "பசுமை கேஸ்" எல்லாம் விற்பனைப் பேச்சுதானா? எதை வாங்குவது?

ஏப்ரல் 6, 2025, காலை

விற்பனைப் பேச்சு அல்ல, கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில், 1,810 கிலோ கரியமில வாயு ஏற்றும் சூட்டை ஏற்றுகிறது. ஆர்-22-க்குப் பிறகு வந்த ஆர்-410ஏ என்றால் 2,088. ஆர்-32 என்றால் 675. ஆர்-290 என்பது புரொப்பேன், அதற்கு 3. ஆர்-22-ல் குளோரின் இருப்பதால் அது ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. மற்ற மூன்றும் ஓசோனுக்குக் கேடு செய்வதில்லை.

ஆர்-32 வாங்குங்கள். எரியாது, எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, எல்லா மெக்கானிக்குக்கும் பழகிவிட்டது. விஷயம் முடிந்தது.

ஏப்ரல் 6, இரவு

முடியவில்லை. காலையில் "எரியாது" என்று எழுதியது தவறு. ஆர்-32 எரியும். காற்றில் 14 சதவீதத்துக்கு மேல் கலந்தால் பற்றும், மெதுவாகப் பரவும். அதனால் அதை ஏ2எல் என்ற, லேசாக எரியும் வகையில் வைத்திருக்கிறார்கள். புரொப்பேனுக்கு 2 சதவீதம் போதும், அது ஏ3, எளிதில் எரியும் வகை. எரியாதவை பழைய ஆர்-22-ம் ஆர்-410ஏ-யும்தான்.

காலைக் குறிப்பை அழிக்கவில்லை. அதைப் படித்துவிட்டுப் போனவர் இதையும் படிக்க வேண்டும். கேஸ் மிச்சமிருக்கும் குழாயில் வெல்டிங் நெருப்பைக் காட்டுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. ஆர்-32 நெருப்பில் சிதைந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும். நுரையீரலைப் புண்ணாக்கும் பொருள் அது.

ஏப்ரல் 9

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், அதிலிருந்துதான் எனக்கு இந்த ஆர்வமே வந்தது.

திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து இரண்டாவது தெருவில் இருக்கிறோம். உப்புக் காற்று. மாடியில் அவுட்டோர் வைத்து நான்கு வருடத்தில் அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டால் மாவாக உதிரும். செம்புக் குழாயில் ஊசி முனையளவு ஓட்டை விழும். என் முன்னறை ஏசி 2012-ல் வாங்கியது, ஆர்-22. ஒன்றுவிட்டு ஒரு கோடைக்கு மெக்கானிக் வருவார், மீட்டரை மாட்டுவார், "கேஸ் கம்மி சார்" என்பார், ஏற்றுவார், காசு வாங்கிக்கொண்டு போவார். கேஸ் எங்கே போனது என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற பொருள். குறைந்தது என்றால் எங்கோ ஒழுகியது என்றுதான் பொருள். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் முதல் தடவையே ஓட்டையைத் தேடச் சொல்லியிருப்பேன்.

போன வருடம் மே மாதம் அதைக் கழற்றிவிட்டு ஆர்-32 வாங்கினேன். கழற்ற இரண்டு தம்பிகள் வந்தார்கள். வந்ததும் ஒருவர் ஸ்பேனரை எடுத்து நட்டைத் தளர்த்தப் போனார். "தம்பி, கேஸைத் திறந்து விடாதீர்கள், பம்ப் டவுன் செய்யுங்கள்" என்றேன். "பழசுக்கு எதற்கு சார்?" என்று கேட்டார். கேட்டாலும் செய்தார். மெல்லிய குழாயின் வால்வை மூடிவிட்டு ஏசியை ஓட விட்டால், கம்ப்ரஸர் கேஸ் முழுவதையும் அவுட்டோருக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு தடித்த குழாயின் வால்வையும் மூடிவிட்டு நிறுத்தினால் கேஸ் உள்ளேயே அடைபடும். பத்து நிமிட வேலை. எனக்குப் பெரிய நிறைவு. ஒரு கிலோ ஆர்-22-ஐக் காப்பாற்றிவிட்டேன் என்று மனைவியிடம் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 13

நான்கு நாளாக ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. அந்த அவுட்டோர் பிறகு எங்கே போனது? பழசைக் கொடுத்துப் புதிது வாங்கும் திட்டத்தில் கடைக்காரர்கள் எடுத்துப் போனார்கள். இன்று காலை அந்த மெக்கானிக் தம்பியைப் பார்த்துக் கேட்டேன். அவர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு காயலான் கடைக்குக் கூட்டிப் போனார்.

சுவரோரம் அவுட்டோர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பதினெட்டு வயது இருக்கும், ஒரு பையன் உட்கார்ந்து ரம்பத்தால் செம்புக் குழாயை அறுத்துக்கொண்டிருந்தான். செம்பு ஒரு குவியல், அலுமினியம் ஒரு குவியல், கம்ப்ரஸர் ஒரு குவியல். அறுபடும் கணத்தில் சீறிக்கொண்டு வெண்புகை போல ஒன்று வந்தது. பையன் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டான். குழாயிலிருந்து எண்ணெய் மண்ணில் சொட்டியது. "இங்கேதான் சார் உங்களுடையதும் வந்திருக்கும்" என்றார் தம்பி. கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

என் பால்கனியில் தடுத்தது ஒரு வாரம் கழித்து இங்கே நடந்திருக்கிறது. இடம்தான் மாறியது. ஏப்ரல் 9 குறிப்பில் "காப்பாற்றிவிட்டேன்" என்று எழுதினேன். இல்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுவிட்டுக் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

நம் நாட்டு மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. என் ஏசி வருடத்துக்கு 900 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அந்த ஒரு கிலோ ஆர்-22 போனதற்குச் சமம் 1,810 கிலோ. அதாவது ஏறக்குறைய 2,600 யூனிட், கிட்டத்தட்ட மூன்று வருட மின்சாரம். ரம்பம் குழாயை அறுத்த அரை நிமிடத்தில்.

அதே இடத்தில் 800 கிராம் ஆர்-32 போயிருந்தால் 540 கிலோ, அதாவது 770 யூனிட். ஒன்றரை டன் புரொப்பேன் ஏசியில் இருப்பது முந்நூறிலிருந்து நானூறு கிராம். அது முழுவதும் போனாலும் ஒரு கிலோ கரியமில வாயுதான் கணக்கு. ஒன்றரை யூனிட் மின்சாரம். ஒரு மணி நேரம் ஏசி ஓடியதற்குச் சமம்.

புது கேஸின் பெருமை எனக்கு இங்கேதான் விளங்கியது. நாம் ஒழுங்காக இருக்கும்வரை எந்த கேஸாக இருந்தாலும் ஒன்றுதான், அது குழாய்க்குள் இருக்கிறது. நாம் ஒழுங்கீனமாக இருக்கும்போது விளைகிற சேதத்தைப் புது கேஸ் குறைக்கிறது.

ஏப்ரல் 17

மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவது நியாயம், அதை யாரும் சிரித்து ஒதுக்க வேண்டாம். புரொப்பேன் சமையல் கேஸின் ஓர் அங்கம்தான். ஆனால் சமையலறைச் சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது, ஏசியில் இருப்பது அதில் நாற்பதில் ஒரு பங்கு.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒன்பதரை அடி உயரம்: சுமார் 39 கனமீட்டர் காற்று. அதில் 350 கிராம் புரொப்பேன் முழுவதும் ஒழுகிச் சமமாகக் கலந்தால் கனமீட்டருக்கு 9 கிராம். பற்றுவதற்கு 38 கிராம் வேண்டும். கால் பங்குதான் ஆகிறது.

"சமமாகக் கலந்தால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். நாம் தரையில்தான் கொசுவர்த்தி வைக்கிறோம், பூஜை விளக்கு வைக்கிறோம். ஆகவே சிறிய அறைக்குப் பெரிய ஏசி போடக்கூடாது, கையேட்டில் குறைந்தபட்ச அறைப் பரப்பு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்க வேண்டும். இன்னொன்று: சமையல் கேஸில் ஒழுகினால் தெரிவதற்காக நாற்றத்துக்கு ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். ஏசி புரொப்பேனில் அது கிடையாது. மூக்கை நம்ப முடியாது.

வீட்டு ஃபிரிட்ஜின் பின்புறம் போய்ப் பாருங்கள். அநேகமாக ஆர்-600ஏ என்று இருக்கும். அது ஐசோபியூட்டேன், அதுவும் எரிகிற கேஸ்தான், ஐம்பது கிராம் அளவில் இருக்கும். வருடக்கணக்காக அதன் அருகில்தான் சமைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஏப்ரல் 17, சற்று நேரம் கழித்து

கோத்ரெஜ் நிறுவனம் ஆர்-290 ஏசியை இந்தியாவில் 2012-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. என் ஆர்-22 ஏசியை நான் வாங்கிய அதே வருடம். எனக்குத் தெரியாது. கடையில் யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 22

கோவையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "பழைய ஆர்-22 ஏசியிலேயே ஆர்-32 ஏற்றித் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?"

கூடாது. ஆர்-32-ன் அழுத்தம் ஆர்-22-ஐப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய கம்ப்ரஸரும் குழாய்ச் சுருளும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. கம்ப்ரஸர் எண்ணெயும் வேறு. ஆர்-22-க்கு மினரல் எண்ணெய், ஆர்-32 அதில் கரையாது. எண்ணெய் திரும்பி வராமல் கம்ப்ரஸர் காய்ந்துபோகும்.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று. ஆர்-22 மெஷினில் புரொப்பேன் ஏற்றினால் அது ஓடும். அழுத்தம் ஏறத்தாழ ஒத்துப்போகும், எண்ணெயும் ஒத்துப்போகும், குளிர்ச்சியும் நன்றாக இருக்கும். நன்றாக ஓடுவதுதான் ஆபத்து, யாருக்கும் சந்தேகம் வராது. அந்த மெஷினின் ரிலேயும் சுவிட்சும் பொறி வராதபடி அடைக்கப்பட்டவை அல்ல. ஸ்டிக்கரில் ஆர்-22 என்றே இருக்கும். இரண்டு வருடம் கழித்து வேறொரு தம்பி வருவார், ஸ்டிக்கரைப் பார்ப்பார், எரியாத கேஸ்தானே என்று வெல்டிங் டார்ச்சைப் பற்றவைப்பார். அந்தத் தம்பியை நினைத்தாவது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏப்ரல் 23

கொஞ்சம் வழி மாறிப் போகிறேன். ஃபிரிட்ஜ் வந்த புதிதில் அமோனியாவும், கந்தக டை ஆக்சைடும், மீத்தைல் குளோரைடும்தான் உள்ளே சுற்றின. ஒழுகினால் ஆள் போய்விடும். அதற்கு மாற்றாக 1920-களின் கடைசியில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் ஃப்ரியான் என்ற, குளோரின் உள்ள கேஸைக் கொண்டுவந்தார்கள். எரியாது, நஞ்சில்லை, நாற்றமில்லை. இதைவிட நல்ல பொருள் உண்டா என்று உலகம் கொண்டாடியது. 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் இது ஓசோனைத் தின்னும் என்றார்கள். 1985-ல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் மெலிந்துபோனதைக் கண்டார்கள். 1987-ல் இந்த வகை கேஸ்களைக் குறைக்க மாண்ட்ரியால் ஒப்பந்தம்.

எரியாத, எதனோடும் வினைபுரியாத பொருள் என்பதால்தான் அது அழியாமல் மேலே போய்ச் சேர்ந்தது. இப்போது வந்திருக்கும் கேஸ்கள் சீக்கிரம் சிதைகின்றன, அதனால் வானத்துக்கு நல்லவை. அந்தக் குணத்தோடு சேர்ந்து எரிகிற குணமும் வருகிறது. இரண்டையும் பிரித்து வாங்க முடியாது. ஐஸ் கட்டி ஆலைகள் அமோனியாவை விடவே இல்லை. அங்கே அதைக் கையாளத் தெரிந்த ஆள் இருக்கிறார்.

ஏப்ரல் 30

ஒரு பெரிய திருத்தம். முதல் குறிப்பில் ஆர்-32-க்கு 675 என்று எழுதினேன். நூறாண்டுக் கணக்கில் அது சரி. ஆனால் ஆர்-32 காற்றில் இருப்பது சராசரியாகச் சுமார் ஐந்தே வருடம். அது செய்கிற சூட்டில் பெரும்பகுதி முதல் பத்து வருடத்துக்குள்தான். அதை நூறு வருடத்துக்குப் பரப்பிப் போட்டால் எண் சிறிதாகத் தெரிகிறது. இருபதாண்டுக் கணக்கில் போட்டால் சுமார் 2,430 வருகிறது.

எனக்கு வயது அறுபத்து மூன்று. என் பேத்திக்கு ஆறு. அவளுக்கு இருபத்தாறு ஆகும்வரை உள்ள காலம் எனக்கு முக்கியமா, நூற்றாறு ஆகும்வரை உள்ள காலம் முக்கியமா? இரண்டும்தான். ஆனால் ஆர்-32-ஐ "பசுமை கேஸ்" என்று அழைக்க இனி எனக்கு மனம் வராது. ஆர்-22-ஐயும் ஆர்-410ஏ-யையும்விடப் பரவாயில்லை, அவ்வளவுதான். புரொப்பேனோடு ஒப்பிட நிற்காது.

மே 2

ஆர்-410ஏ பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். ஓசோனைக் காப்பாற்ற ஆர்-22-ஐ விட்டுவிட்டு உலகம் அதற்குப் போனது. ஓசோன் பிழைத்தது, ஆனால் வெப்பத்தில் 1,810 இருந்த இடத்தில் 2,088 வந்து உட்கார்ந்தது. அதைச் சரிசெய்யத்தான் 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில் மாண்ட்ரியால் ஒப்பந்தத்துக்குத் திருத்தம் போட்டார்கள். இந்தியா 2021-ல் ஏற்றது. நமக்குக் கொடுத்த கெடு: 2028-ல் இந்த வகை கேஸ்களின் அளவை மேலே ஏறாமல் நிறுத்த வேண்டும், 2032-ல் 10 சதவீதம் குறைக்க வேண்டும், 2047-ல் 85 சதவீதம். ஆர்-22 போட்ட புது ஏசி செய்வது 2025 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. பழைய மெஷின்களின் பராமரிப்புக்கு மட்டும் இன்னும் கிடைக்கும்.

2028-ல் வரும் அந்த அளவுக்கட்டில் ஆர்-32-ம் சேர்த்திதான். அதுவும் ஒரு இடைத்தங்கல்.

மே 6

கத்திரி தொடங்கிவிட்டது. மாடியில் நிற்க முடியவில்லை. நேற்று மாலை எங்கள் தொகுப்பின் மொட்டைமாடியில் உள்ள அவுட்டோர்களின் ஸ்டிக்கரைப் படித்துக் குறித்துக்கொண்டேன். பதினொன்று. ஐந்தில் ஆர்-32, இரண்டில் ஆர்-410ஏ, நான்கில் ஆர்-22. அந்த நான்கில் ஒன்று என் அம்மா அறையில் ஓடுவது. ஒன்று நான்காவது மாடியில் தனியாக இருக்கிற அக்காவுடையது, தபால் துறையில் ஓய்வு பெற்றவர். அதன் குழாய் இணைப்பில் எண்ணெய்க் கசிவு பளபளவென்று தெரிந்தது. எண்ணெய் கசிகிற இடத்தில் கேஸும் கசிகிறது என்று பொருள். சோப்பு நுரை தடவினேன், குமிழி வந்தது.

"புதிது வாங்குகிற நிலையில் நான் இல்லை தம்பி" என்றார் அக்கா. புது ஏசி வாங்குங்கள் என்று முதல் குறிப்பில் ஒரே வரியில் எழுதினேனே, அதை எல்லோருக்கும் சொல்ல முடியாது என்று அப்போது தோன்றவில்லை.

மே 7

மடிப்பாக்கம் வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார்: "ஒரு மாதமாக வானிலை, வரலாறு எல்லாம் சொல்கிறீர்கள். நான் எதை வாங்குவது?"

கேட்பது சரிதான். உங்கள் அறை பெரிதாக இருந்து, உங்கள் பகுதியில் அந்த நிறுவனத்தின் பயிற்சி பெற்ற ஆள் வந்து மாட்டுவார் என்று உறுதியாகத் தெரிந்தால், ஆர்-290. இல்லையென்றால் ஐந்து நட்சத்திர ஆர்-32. நட்சத்திரத்தில் குறைக்காதீர்கள். பத்து வருடத்தில் 9,000 யூனிட் எடுத்தால் மின்சாரத்தின் கணக்கு மட்டும் 6,300 கிலோ. ஆர்-32 ஒருமுறை முழுவதும் ஒழுகினால் 540. அங்கே மின்சாரம்தான் பெரிது. என் பழைய ஆர்-22 கதை வேறு: மூன்று தடவை கேஸ் போனால் ஏறக்குறைய மின்சாரத்தின் அளவுக்கே வந்துவிடும்.

மாட்டும் நாளில் வீட்டில் இருங்கள். வேக்யூம் பம்ப் கொண்டுவந்தார்களா என்று பாருங்கள். பம்ப் இல்லாமல், அவுட்டோரில் உள்ள கேஸையே கொஞ்சம் திறந்து விட்டு அதன் வேகத்தில் குழாய்க் காற்றை வெளியேற்றுவார்கள். அது கேஸையும் வீணாக்குகிறது, ஈரத்தையும் உள்ளே விட்டுவிடுகிறது. ஈரம் புது வகை எண்ணெயோடு சேர்ந்தால் அமிலமாகும், கம்ப்ரஸரின் ஆயுள் போகும். என் வீட்டில் மூன்று நிமிடம் பம்பை ஓட்டிவிட்டு "ஆயிற்று சார்" என்றார்கள். இருபது நிமிடம் ஓட விடுங்கள் என்று காபி போட்டுக் கொடுத்தேன்.

பழைய மெஷினைப் பற்றி இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லை. பொறுங்கள்.

மே 19

மெக்கானிக் தம்பியோடு ஒரு மணி நேரம் பேசினேன். விழுப்புரம் பக்கம் ஊர். ஐடிஐ படித்தவர். கேஸைத் திரும்ப எடுக்கிற மெஷின், ரெக்கவரி மெஷின், அவருக்குத் தெரியும். பயிற்சியில் பார்த்திருக்கிறார், தொட்டிருக்கிறார். வாங்கவில்லை. விலை அவருடைய இரண்டு மாத வருமானம். வாங்கினாலும் ஒரு ஏசிக்கு அரை மணி நேரம் கூடுதலாகும். கோடையில் அவருக்கு ஒரு நாளைக்கு ஆறு வீடு. "அந்த அரை மணிக்கு யார் சார் காசு கொடுப்பார்கள்?"

என்னிடம் பதில் இல்லை. கேஸை வெளியே விட்டால் அவருக்குச் செலவு இல்லை, எடுத்தால் செலவு. நான் ஏப்ரல் 9 அன்று அந்தத் தம்பிகளைப் பற்றிக் கொஞ்சம் இளக்காரமாக எழுதியிருக்கிறேன், இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது. கயிறு இல்லாமல் மூன்றாவது மாடி சன்ஷேடில் நின்று வேலை செய்கிறவர்கள். ஆர்-22 மிச்சமிருக்கும் குழாயில் டார்ச் வைத்துத் தொண்டை எரிந்ததாகச் சொன்னார். அந்தப் புகையில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு கலந்திருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

2019-ல் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டத்தில் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றும் என்ற இலக்கு இருந்தது. நல்ல இலக்கு. அதே அறிக்கை அப்போது நாட்டில் சுமார் 8 சதவீத வீடுகளில்தான் ஏசி இருப்பதாகச் சொன்னது. மற்ற வீடுகளுக்கும் ஏசி வந்துகொண்டே இருக்கும், வரவும் வேண்டும். இந்த வெயிலில் அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அத்தனை ஏசிகளும் ஒருநாள் கழற்றப்படும். பயிற்சியோடு மெஷினும் கையில் கொடுத்து, எடுத்த கேஸுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று காசும் கொடுத்தால் ஒரு கிராம் வெளியே போகாது. செம்புக்கு விலை இருப்பதால்தானே அந்தப் பையன் அதைத் தனிக் குவியலாக வைக்கிறான்?

மே 20

பம்ப் டவுனில் ஆபத்து உண்டா என்று கேட்ட சேலம் நண்பருக்கு: ஆம், வால்வு மூடியிருக்கும்போது பம்ப் டவுனை நீட்டக்கூடாது, நட்டு தளர்ந்திருந்தால் காற்று உள்ளே இழுக்கப்படும். காற்றும் எண்ணெயும் சேர்ந்து அழுத்தப்பட்டால் கம்ப்ரஸர் வெடிக்கக்கூடும். எந்த கேஸாக இருந்தாலும். நீங்களே செய்து பார்க்காதீர்கள்.

ஜூன் 11

மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால், ஏசிகளில் 20 டிகிரிக்குக் கீழும் 28-க்கு மேலும் வைக்க முடியாதபடி விதி வரும் என்று சொல்லியிருப்பதாக இன்றைய செய்தி. 2020 முதலே புது ஏசிகள் 24-ல் தொடங்கும்படி விதி இருக்கிறது. நான் 26-ல் வைத்து மின்விசிறியையும் சுழல விடுகிறேன், போதுமானதாக இருக்கிறது. அம்மாவுக்கு 27.

ஜூன் 15

அம்மா அறை ஏசியை மாற்ற முடிவு செய்தோம். இந்த முறை மாற்றுத் திட்டத்தில் கொடுக்கவில்லை. பழையதற்குக் கிடைக்கும் தள்ளுபடி வேண்டாம் என்று கடையில் சொன்னபோது, கணக்கர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். தம்பி தன் நண்பரிடமிருந்து ரெக்கவரி மெஷினை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துவர ஒப்புக்கொண்டார். வாடகையும் அரை நாள் கூலியும் என் பொறுப்பு. புது ஏசி ஆர்-290. அறை போதுமான அளவு, கையேட்டைப் பார்த்துவிட்டோம்.

ஜூன் 21, மாலை

எடுத்தாயிற்று. காலிச் சிலிண்டரை முதலில் தராசில் வைத்தோம், பிறகு மெஷினை மாட்டினோம். சிலிண்டரில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது, ஆர்-22 தவிர வேறு கேஸ் அதில் கலந்திருக்கக்கூடாது. கலந்துவிட்டால் அது யாருக்கும் உதவாது. நாற்பது நிமிடம் ஆனது. பேத்தி தராசு எண்ணைச் சத்தமாகப் படித்துக்கொண்டே இருந்தாள்.

740 கிராம். பெயர்த்தகட்டில் ஒரு கிலோ என்று இருக்கிறது. மீதி 260 கிராம் இத்தனை வருடத்தில் எப்போதோ, எங்கள் தலைக்கு மேலே போயிருக்கிறது. கையில் இருப்பது 1,300 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடாக இருந்தது.

ஜூன் 21, இரவு

இதை என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு: நான்காவது மாடி அக்காவின் ஏசியும் ஆர்-22. வடிகட்டி உலர்த்தி வழியாக விட்டுச் சுத்தம் செய்து அதில் ஏற்றப் போகிறோம். ஆனால் ஓட்டையை அடைக்காமல் ஏற்றினால் நான் பத்து வருடம் செய்த அதே வேலையைத்தான் அக்காவுக்கும் செய்கிறேன். முதலில் ஓட்டை.

அங்கே போனாலும் அந்த கேஸ் என்றாவது ஒருநாள் மறுபடி எடுக்கப்பட வேண்டியதுதான். அதற்கும் நானோ, தம்பியோ, யாரோ இருக்க வேண்டும். மடிப்பாக்கம் வாசகரே, உங்கள் பழைய மெஷினைப் பற்றி நான் சொல்ல வந்தது இதுதான். கழற்றுகிற நாளுக்கு முன்பே ரெக்கவரி மெஷின் உள்ள ஆளைப் பிடித்துவிடுங்கள். தம்பியின் நண்பர் உங்கள் பக்கம் வரச் சம்மதிக்கிறார்.

ஜூன் 23

நேற்று அக்கா வீட்டு ஏசியின் இணைப்பை அறுத்துப் புதிதாக வெல்டிங் வைத்தார் தம்பி. குழாய்க்குள் நைட்ரஜனை 250 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு ஏற்றிவிட்டு மீட்டரை மாட்டியபடியே விட்டுப் போனார். இரவு எட்டு மணிக்கு டார்ச் விளக்கோடு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். முள் ஒரு நூல் இறங்கியிருந்தது. தூக்கம் வரவில்லை. காலையில் வெயில் ஏறியதும் மறுபடி போனேன். முள் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. இரவுக் குளிர்ச்சியில் சுருங்கியதுதான், ஒழுக்கு இல்லை. அக்காவும் கூடவே மாடியேறி வந்து, மூச்சு வாங்க நின்று, அந்த முள்ளைப் பார்த்தார். பத்து மணிக்குத் தம்பி வந்து 740 கிராமையும் ஏற்றினார். குறைந்த 310 கிராம் மட்டும் புதுச் சிலிண்டரிலிருந்து.